நிலோஜனை மேடையேற்றியவர்கள்

கல்லடிப் பாலத்தடியில் மீன் விற்கும் பெண்களில் றீற்றாவின் குரல்தான் பெரிது. நிறுக்கச் சொல்லிவிட்டு, இறாலைக் கிளறிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போகிறவர்களைப் பாலத்தின் பாதிவரை ஏச்சாலேயே அனுப்பிவைப்பாள். அது வியாபாரக் கோபம். மத்தியானம் மீன் பலகையைக் கழுவிக் கவிழ்க்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். போகாத கோபம் ஒன்றும் அவளிடம் இருக்கிறது. நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் வந்தது அது. இன்றைக்கும் அதே சூட்டில் இருக்கிறது. ஆறிப்போக அவளும் விடுவதில்லை.

றீற்றாவின் புருசன் சில்வெஸ்டர் வாவியில் வலை போடுகிறவன். அவர்களுக்கு ஒரே மகள், மேர்லின். பிறந்து சில மாதங்களிலேயே குழந்தை வெளிறத் தொடங்கியது. பாலைக் குடிக்கத் தொடங்கினால் பாதியில் களைத்து விட்டுவிடும். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தலசீமியா என்றார்கள். பரம்பரையாக வரும் இரத்த நோய். உடம்புக்கு நல்ல சிவப்பணுக்களைச் செய்துகொள்ளத் தெரியாது. வாழ்நாள் முழுக்க மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும்.

"எங்கட ஆக்கள்ள இப்பிடி ஒரு வருத்தம் இல்ல" என்றாள் மாமியார். சொல்லும்போது றீற்றாவின் வயிற்றைப் பார்த்தாள்.

 பிறகு தாய் தகப்பன் இருவருடைய இரத்தத்தையும் சோதித்து முடிவு வந்த அன்று, றீற்றா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மாமியார் வீட்டுக்குப் போனாள்.

"மாமி, பாதி நான் குடுத்தது. பாதி உங்கட மகன் குடுத்தது. ரெண்டு பாதியும் சேர்ந்தாத்தான் இந்த வருத்தம் வரும். இனிமேப்பட்டு ஆரும் என்ட வயித்தப் பார்த்துக் கதைச்சா, நான் சும்மா போக மாட்டன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

இரத்தம் ஏற்றும் வாட்டில்தான் கேதீஸ்வரி அறிமுகமானாள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பெண். புருசன் பிறத்தியாருடைய வயல் வட்டைகளில் கூலிக்கு வேலை செய்கிறவன். விடிந்தும் விடியாததுமாகப் பஸ் ஏறி, மண்முனைப் பாலம் கடந்து, மகன் நிலோஜனைக் கூட்டிக்கொண்டு வருவாள். மேர்லினைவிட இரண்டு வயது இளையவன் நிலோஜன். றீற்றா வாட்டில் எல்லோருடனும் சண்டை பிடிப்பாள். கேதீஸ்வரிக்குத் தண்ணீர் கேட்கவும் கூச்சம். அவளுக்கும் சேர்த்து றீற்றாவே கேட்டாள். பிள்ளைகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுத்துக்கிடக்க, தாய்மார் இருவரும் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அப்படியே வருடங்கள் போயின.

இரத்தம் ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவந்த டொக்டர் ஸாதியா ஒருநாள் இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னார்.

"ஒவ்வொரு பை ரத்தத்துக்குள்ளயும் இரும்பு இரிக்கும்மா. இரும்ப உள்ள எடுக்க உடம்புக்குத் தெரியும். மிஞ்சினத வெளிய தள்ளத் தெரியா. அது ஈரல்லயும் இருதயத்திலயும் போய்ப் படியும். சும்மா படிஞ்சு கிடந்தாலும் பரவாயில்ல. உப்புக் காத்தில விட்ட சைக்கிளப் பார்த்திருப்பீங்கதானே? அந்த மாதிரி இது உள்ளுக்க இருந்து அரிக்கும். ஒக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் எண்டு நாங்க சொல்ற. பிள்ளைக்கு நோகாது. நோகிற நேரம் வந்தா நாம பிந்திட்டம் எண்டு அர்த்தம்."

அந்த இரும்பை வெளியே எடுக்கத்தான் ஊசி. வயிற்றுத் தோலுக்குக் கீழே குத்தி, கையளவு பம்ப் ஒன்றில் மருந்தை மாட்டி, பிள்ளை தூங்கும் நேரமெல்லாம் மெல்ல மெல்ல இறங்க விட வேண்டும். கிழமையில் அநேகமான நாட்களில் அது உண்டு. மேர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பாள். நிலோஜன் அப்படியில்லை. ஊசிப் பெட்டியை எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்திருக்கிறான். மாட்டுக்கொட்டிலுக்குள் போய் ஒளித்திருக்கிறான். ஊசி ஏறிய இடமெல்லாம் கட்டி கட்டியாகத் தடித்து, அவனுடைய வயிற்றில் புதிதாகக் குத்த இடம் தேட வேண்டியிருந்தது. மகனைக் காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு, அழுதழுது ஊசி ஏற்றுவதாகக் கேதீஸ்வரி சொல்வாள். அதைச் சொல்லும்போதும் அழுவாள்.

அப்போதுதான் அந்த வருடம் வந்தது. கடையில் பால்மா இல்லை. அடுப்புக்குக் காஸ் இல்லை. சில்வெஸ்டரின் தோணி இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. இரும்பு எடுக்கும் மருந்தும் ஒரு மாதம் வந்தது, அடுத்த மாதம் வரவில்லை. டொக்டர் ஸாதியா வேறு ஊர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, மிச்சம் மீதி இருந்தால் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார். மருந்து கொடுக்கும் யன்னலடியில் நின்று றீற்றா கத்தினாள். உள்ளே இருந்த பெடியன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"பெற்றோலுக்கெண்டாலும் ஒரு லைன் இரிக்கு. லைன்ல நிண்டா எண்டைக்காவது கிடைக்கும். என்ட புள்ளைக்கு நான் எந்த லைன்ல நிக்கிற?"

 அவனை ஏசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்கும் தெரியும். யாரை ஏச வேண்டுமோ அவர்கள் எவரும் அந்த யன்னலுக்குப் பின்னால் இல்லை.

மருந்து இல்லாமற்போன அந்த இடைவெளிக்குள்ளால்தான் போத்தல் வந்தது. கொண்டுவந்தவன் அன்ரோ, சில்வெஸ்டரின் தம்பி.

அன்ரோவைப் பிடிக்காதவர்கள் குறைவு. கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவன். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்தான். இரத்தம் ஏற்றும் நாட்களில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுவந்து, மேர்லினின் கட்டிலடியில் இருந்து பகிடி சொல்லிவிட்டுப் போவான். வாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவன் அன்ரோ மாமாதான். நிலோஜன் அவனுடைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுவான். அந்த வருடம் அன்ரோவுக்குக் காப்புறுதி வேலை போயிற்று. அடுத்த மாதமே ஊதா நிறப் போத்தல் விற்கும் கம்பனி ஒன்றில் சேர்ந்துவிட்டான்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து நேரே றீற்றாவின் வீட்டுக்கு வந்தான். மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்தான். பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்துச் சில சொட்டுகள் விட்டான். தண்ணீர் கறுத்துப் பழுப்பானது.

"இது நம்மட மேர்லின்ட ரத்தம் எண்டு வெச்சுக்கொள்ளுங்க மச்சாள். உள்ளுக்க இரும்பு கிடந்து துருப்பிடிக்குது. டொக்டர் சொன்ன எண்டு நீங்கதானே சொன்னீங்க, ஒக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் எண்டு? இப்ப பாருங்க."

ஊதாப் போத்தலைத் திறந்து கொஞ்சம் சாற்றை ஊற்றினான். கறுத்த தண்ணீர் கண்முன்னே தெளிந்தது. சில்வெஸ்டர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தான். மேர்லின் கிளாஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்ப ஊசி வேணாமா சித்தப்பா?"

"வேணாம் மகள். இதக் குடிச்சாக் காணும்."

மகளுடைய முகம் விரிந்ததை றீற்றா பார்த்தாள். தனக்கும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியதை அவள் மறைக்கவில்லை. மருந்து வராத மாதம். நம்ப வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் எந்தச் சாமானையும் முகர்ந்து பார்க்காமல் வாங்கிப் பழகாதவள் அவள்.

"போத்தல வெச்சிட்டுப் போங்க தம்பி. டொக்டரிட்ட ஒருக்காக் காட்டிட்டு மறுகாப் பார்ப்பம்" என்றாள்.

டொக்டர் ஸாதியா போத்தலைத் திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்துக்களைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். வாசித்து முடித்ததும் போத்தலை மேசையில் வைத்த சத்தத்தில் பக்கத்தில் நின்ற தாதி திரும்பிப் பார்த்தாள்.

"அவர் தண்ணிக்குள்ள விட்டது புண்ணுக்குப் பூசிற அயடீன். அதுக்குள்ள புளித் தேசிக்காயப் பிழிஞ்சு விட்டாலும் தெளியும். ரத்தத்துக்கும் அந்தக் கூத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இதுக்க நிறைய வைட்டமின் சி போட்டிருக்கு. மத்தப் பிள்ளையள் குடிச்சா ஒண்டும் செய்யா. நம்மட பிள்ளையளுக்கு அப்பிடி இல்ல."

"ஏன் டொக்டர்?"

"நாங்களும் வைட்டமின் சி குடுக்கிறதான். கொஞ்சமாக் குடுப்பம். அதுவும் பம்ப் போடுற நாளில மட்டும். ஒளிச்சிக் கிடக்கிற இரும்ப அது கிளப்பி விடும். ஊசி மருந்து அதப் பிடிச்சிக்கொண்டு வெளிய போகும். ஊசி மருந்து இல்லாம இத நிறையக் குடுத்தா, கிளம்பின இரும்பு எங்க போகும்? நேர இருதயத்துக்குத்தான். துருவ நிப்பாட்டிற எண்டு சொல்லிக் குடுக்கிற சாமான், இந்தப் பிள்ளையளுக்குத் துருவக் கூட்டும்."

சொல்லிவிட்டு டொக்டர் போத்தலை றீற்றாவின் பக்கம் தள்ளினார்.

"முழுப் பொய்யெண்டா ஆரும் வாங்க மாட்டாங்க. நாங்க சொல்ற சொல்லையே எடுத்துக்கொண்டு போறாங்க பாருங்க, அதுதான் பொல்லாத வேலை."

அன்று பின்னேரம் றீற்றா அன்ரோவைக் கூப்பிட்டு அத்தனையையும் சொன்னாள். அவன் சிரித்தான்.

"டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவாங்க மச்சாள். நம்மட சனம் சுகமாகிட்டா அவங்களுக்கு என்ன வேலை?"

"மருந்துக்காக ஊர் ஊராப் போன் எடுத்து அழுத மனிசி அது. அவவப் பற்றி இனி ஒரு சொல் சொல்லப்படாது." போத்தலைத் திறந்து கிணற்றடி வடிகானுக்குள் கவிழ்த்தாள். "நீ இனி வாட்டுப் பக்கம் வரவும் வேணாம்."

"தம்பி நல்லதுக்குத்தானே கொண்டுவந்தவன். ஏன் இப்பிடி எடுத்தெறிஞ்சு கதைக்கிறாய்?" என்று சில்வெஸ்டர் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் திரிந்தான். றீற்றா அதைப் பொருட்படுத்தவில்லை. தன் வீட்டோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

மாரி தொடங்கி, மருந்தும் பழையபடி கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்தது. ஒருநாள் வாட்டில் நிலோஜன் சட்டையைத் தூக்கி வயிற்றைச் சொறிந்தான். றீற்றாவின் கண் அங்கே நின்றது. ஊசித் தடிப்புகள் வற்றி, புதிய குத்து ஒன்றுமில்லாமல் வயிறு வழுவழுவென்று இருந்தது. முகமும் கையும் சாம்பல் பூத்த கறுப்பாக மாறியிருந்தன.

"கேதீஸ், புள்ளைக்கு ஊசி போடுறியா?"

கேதீஸ்வரி கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நிப்பாட்டிட்டன் அக்கா. டொக்டரிட்டச் சொல்லிப் போடாதீங்க. மருந்து இல்லாத நேரம் அன்ரோ அண்ணன் வீட்ட வந்து சாறு தந்தவர். இப்ப மருந்து வந்தும் இவன் ஊசிக்கு விடுறான் இல்ல. சாறு எண்டாக் குடிக்கிறான்."

"அது நஞ்சு புள்ள. டொக்டர் எனக்கு வடிவாச் சொன்னவ."

"உங்கட மேர்லினும் அதத்தானே அக்கா குடிக்கிறாள்? அவளுக்கு ஊசி நிண்டுட்டு, நல்லா இரிக்கிறாள் எண்டு அன்ரோ அண்ணன் சொன்னவர். அதக் கேட்டுத்தான் நான் வாங்கின."

றீற்றாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் மகளின் பெயரைச் சொல்லி விற்றிருக்கிறான். தான் பகிர்ந்து கொடுத்த சோற்றில் வந்த பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மண்முனைப் பாலம் தாண்டிப் போய் விற்றிருக்கிறான். அவள் மேர்லினின் சட்டையைத் தூக்கி, முதல்நாள் ஊசி ஏறிய சிவந்த இடத்தைக் காட்டினாள். கேதீஸ்வரி அதை நெடுநேரம் பார்த்தாள். பார்த்தும் அவள் மனம் அந்தப் பக்கம் வரவில்லை.

"இவன் இப்ப அழாம நித்திரை கொள்றான் அக்கா. பிறந்ததுக்கு இப்பதான் அழாம நித்திரை கொள்றான். அத நான் எப்பிடி நிப்பாட்டுவன்?"

றீற்றா டொக்டரிடம் போய்ச் சொன்னாள். டொக்டர் கேதீஸ்வரியைக் கூப்பிட்டுப் பேசினார்; இருதயத்தைப் படம் பிடிக்க நாள் குறித்தார். கேதீஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் றீற்றாவோடு பேசாமல் பஸ்ஸுக்கு நடந்தாள். அவளுடைய பையில் ஊதா நிறத் துண்டுப்பிரசுரம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நகரத்து மண்டபம் ஒன்றில் கம்பனியின் கூட்டம். அதில் நிலோஜனின் படமும் இருந்தது.

ஞாயிறு காலை றீற்றா பலகையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, மீன் வாடையோடு அப்படியே ஓட்டோவில் ஏறினாள். மண்டபம் நிரம்பியிருந்தது. ஊதா பலூன்கள். கொழும்பிலிருந்து வந்த கோட்டுப் போட்ட மனிதன் ஒருவன் மேடையில் துருப்பிடித்த சைக்கிள் சில்லின் படத்தைக் காட்டினான். பிறகு அதே கறுத்த தண்ணீர், அதே தெளிவு. சனம் கைதட்டியது. முன்வரிசையில் பிள்ளைகளை மடியில் வைத்திருந்த தாய்மாரில் சிலரை றீற்றா வாட்டில் கண்டிருக்கிறாள்.

அடுத்து அன்ரோ நிலோஜனின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஊதா ரை. படியேறும்போது பிள்ளை இரண்டு தரம் நின்று மூச்செடுத்தது.

"இந்தச் சிங்கக்குட்டி ஊசியோட பிறந்தவன்" என்றான் கோட்டுக்காரன் ஒலிவாங்கியில். "இண்டைக்கு இவருக்கு ஊசி இருக்கா? சொல்லுங்கோ தம்பி."

"இல்ல" என்றான் நிலோஜன்.

கைதட்டல் கூரையில் மோதியது. பிள்ளை சிரித்தது.

றீற்றா கதிரைகளுக்கு நடுவால் நடந்து போனாள். பாலத்தடியில் பழகிய குரலுக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

"அன்ரோ! என்ட மேர்லின் இந்தச் சாத்தக் குடிச்சவளா? மாதாவச் சாட்சி வெச்சுச் சொல்லு. குடிச்சவளா?"

 அன்ரோ கோட்டுக்காரனைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான்.

"சொல்ல மாட்டான். ஏனெண்டா பொய்." றீற்றா சனத்தின் பக்கம் திரும்பினாள். "இந்தப் பிள்ளைட காலப் பாருங்க, சப்பாத்துக்கு மேலால வீங்கிக் கிடக்கு. நாலு படி ஏற மூச்சு வாங்குது. இவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம மேடைக்கு ஏத்தி வெச்சிருக்கிறீங்க. நீங்க மனிசரா?"

சட்டையில் கம்பனிச் சின்னம் குத்திய இருவர் வந்து அவளுடைய கைகளைப் பிடித்தார்கள். "மீன்காரிக்கு என்ன விளங்கும்? ஆரோ காசு குடுத்து அனுப்பியிருப்பாங்க" என்றது ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். கோட்டுக்காரன் பாட்டுப் போடச் சொன்னான். பெரிய சத்தத்தில் பாட்டுப் போக, அவளை இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டார்கள்.

பின்னால் ஓடிவந்தவள் கேதீஸ்வரி. அவள் கோபப்பட்டு றீற்றா கண்டதே இல்லை.

"அவ்வளவு சனத்துக்கு முன்னால என்ட புள்ளைய வருத்தக்காரன் எண்டு சொல்லிட்டீங்களே! இண்டைக்குத்தான் அவன எல்லாரும் நல்லாப் பார்த்தாங்க. இனி என்னோட கதைக்காதீங்க. உங்கட ஆள்தானே கொண்டுவந்து தந்தவர்? இப்ப நீங்களே வந்து கத்துறீங்க."

  றீற்றா வீதியோரத்தில் நின்று, முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வந்த ஓட்டோவை மறித்தாள்.

அடுத்த கிழமை மழைக்குள் அவளுடைய கைப்பேசி அடித்தது. பலகையில் மணலை மீன் வெட்டிக்கொண்டிருந்த கையோடு எடுத்தாள்.

"அக்கா, நிலோஜனுக்குப் படுக்க ஏலா. படுத்தா மூச்சு நிக்குது. இருந்தபடிதான் இரிக்கிறான். ஓட்டோவில வாறம். ஆஸ்பத்திரி வாசல்ல நில்லுங்க அக்கா, நில்லுங்க."

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசலில் ஓட்டோ வந்து நின்றபோது தாயின் தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. றீற்றா அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். வயதுக்கு ஏற்ற பாரம் அவனில் இல்லை; கால்கள் மட்டும் தண்ணீர் கட்டிக் கனத்தன.

இருதயம் சோர்ந்துவிட்டது என்றார் டொக்டர் ஸாதியா. மருந்தை இரவும் பகலும் நிறுத்தாமல் நரம்பு வழியாக இறக்கினார்கள். கேதீஸ்வரி தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தரையில் இருந்தாள். றீற்றா பக்கத்தில் இருந்தாள். அந்தக் கூட்டத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் கேதீஸ்வரி தன் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தொடங்கியபோது றீற்றா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன்ன நீ அடிக்காத. அடி வாங்க வேண்டிய ஆக்கள் வேற இரிக்கிறாங்க."

பிள்ளை பிழைத்தது. வாட்டுக்கு மாற்றிய பிறகு ஒருநாள் றீற்றா அவனுக்குச் சூப் பருக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏன் மனே, மேடையில நிக்கைக்க மூச்சு முட்டல்லயா? சொல்லியிருக்கலாமே."

"முட்டினதான் மாமி." அவன் யோசித்துவிட்டுச் சொன்னான். "ஆனா எல்லாரும் கைதட்டினாங்க. எனக்கு ஒருநாளும் ஆரும் கைதட்டினதில்ல."

றீற்றா கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனாள். வராந்தாவில் நின்று சுவரில் கையை ஓங்கிக் குத்தினாள். கூட்டத்தில் இழுத்தெறிந்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஒரு பிள்ளையின் ஆசையைக்கூட விட்டுவைக்காமல் எடுத்து விற்றிருக்கிறார்கள்.

முறைப்பாடு செய்ய இருவரும் போனார்கள். ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு அதிகாரி போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பழச்சாறு என்று பதிந்திருக்கிறார்கள். மருந்து அல்ல என்று கீழே பொடி ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள். போத்தலில் பிழை பிடிக்க முடியாது என்றார்.

"போத்தலப் பிடிக்கச் சொல்லி நான் வரல்ல ஐயா. அத வித்த வாயப் பிடிக்கச் சொல்லி வந்தன்."

"வாயால சொன்னதுக்குச் சாட்சி இரிக்காம்மா?"

மண்டபம் நிறைந்த சனம் கேட்டது. அதில் ஒருவர்கூட வரவில்லை. வாட்டில் கண்ட தாய்மாரும், வீட்டில் பிரச்சினை வரும் என்று ஒதுங்கினார்கள். கம்பனியின் அலுவலகம் இருந்த மாடியில் இப்போது டியூசன் வகுப்பு நடக்கிறது. கோட்டுக்காரனின் இலக்கம் வேலை செய்யவில்லை. றீற்றாவுக்கு ஏசுவதற்குக் கிடைத்த ஒரே ஆள் அன்ரோ.

அவனே வந்தான். தாடி வளர்ந்து, மெலிந்து, வாசற்படியில் நின்று அழுதான்.

"எனக்கும் தெரியா மச்சாள். நானும் நம்பித்தான் குடுத்தன். அம்மாவுக்கும் நான் அதத்தானே குடுத்த."

"வைட்டமின் கதை உனக்குத் தெரியாம இருந்திரிக்கலாம். அத நான் ஏத்துக்கொள்றன்." றீற்றாவின் குரல் அன்று உயரவில்லை. உள்ளே இருந்த சில்வெஸ்டர் அதற்குத்தான் பயந்து எழுந்து வந்தான். "மேர்லின் குடிக்கிறாள் எண்டு சொன்னது பொய் எண்டு உனக்குத் தெரியும். அதத் தெரியாமலா சொன்னாய்?"

அன்ரோ வாசற்படியிலேயே குந்திவிட்டான்.

"என்னட்ட மன்னிப்புக் கேக்காத. வருத்தக்காரப் பிள்ளையள் இரிக்கிற எந்தெந்த வீட்டுக்குப் போத்தல் குடுத்தியோ, அந்தந்த வீட்டுக்குப் போய் உன்ட வாயால சொல்லு. பொய் சொல்லி வித்தன், நிப்பாட்டுங்க எண்டு சொல்லு."

சில்வெஸ்டர் தம்பியைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். "வா, நானும் வாறன்" என்றான். அண்ணனும் தம்பியும் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். இன்னொரு வீட்டில் ஒரு தகப்பன் அன்ரோவின் கன்னத்தில் அறைந்தான்; சில்வெஸ்டர் தடுக்கவில்லை. ஆனால் எல்லா வீடும் முடியுமுன்னே அன்ரோ கட்டாருக்குப் போய்விட்டான். விமானம் ஏறிய பிறகுதான் வீட்டாருக்கே தெரியும். மிச்ச வீடுகளுக்கு றீற்றாவும் கேதீஸ்வரியும் பஸ்ஸில் போனார்கள். கேட்டவர்களும் உண்டு. கதவைச் சாத்தியவர்களும் உண்டு. போத்தல் குடித்துத்தான் பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று ஒரு தாய் சண்டைக்கு வந்தாள். றீற்றா அவளோடு சண்டை பிடித்தாள். அடுத்த கிளினிக்குக்கு அந்தத் தாய் வரும்வரை தொலைபேசி எடுத்துக்கொண்டே இருந்தாள்.

நிலோஜனுடைய இருதயம் கொஞ்சம் தேறியிருக்கிறது. முழுக்கத் தேறும் என்று டொக்டர் சொல்லவில்லை. சைக்கிள் ஓடக் கூடாது. பந்து விளையாடக் கூடாது. மேர்லினுக்கு இப்போது ஊசிக்குப் பதிலாக அதே இரும்பை எடுக்கும் குளிசை மாத்திரை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். தாய் சத்தம் போடும் இடங்களில் "அம்மா, மெதுவா" என்று கையைச் சுரண்டுவாள். றீற்றா கேட்பதில்லை.

போன ஆடி அமாவாசைக்கு முதல்நாள் கேதீஸ்வரி மாமாங்கேஸ்வரரைக் கும்பிட மகனோடு அமிர்தகழிக்கு வந்திருந்தாள். றீற்றாவும் துணைக்குப் போயிருந்தாள். கோயிலுக்குப் போகும் வீதியில் வளையல் கடைகளும் கச்சான் கடலைக் கடைகளும் நிறைந்திருந்தன. அவற்றுக்கு நடுவில் பச்சைக் குடைக்குக் கீழே ஒரு மேசை. பச்சைப் போத்தல்கள். பச்சைச் சட்டை போட்ட இளம்பெண் ஒருத்தி கிளாஸில் கறுத்த தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிச் சனம் நின்றது.

முதலில் கண்டது கேதீஸ்வரிதான். றீற்றா வாயைத் திறக்குமுன்னே அவள் சனத்தை விலக்கிக்கொண்டு போனாள். கையில் அர்ச்சனைக்கு வாங்கிய தேசிக்காய் இருந்தது. அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, அந்தப் பெண்ணின் கிளாஸுக்குள் பிழிந்தாள். கறுத்த தண்ணீர் தெளிந்தது.

"தேசிக்காய்" என்றாள் சனத்தைப் பார்த்து. தண்ணீர் கேட்கவும் கூசியவளின் குரல் வீதிக்கு மறுபுறம் கேட்டது. "வெறும் தேசிக்காய். இந்தக் கூத்த நம்பி என்ட புள்ளைட இருதயத்தக் குடுத்திட்டன். அந்தா நிக்கிறான், பாருங்க."

இளம்பெண் மிரண்டு போனாள். "எனக்கு ஒண்டும் தெரியா அன்ரி, நான் சம்பளத்துக்கு நிக்கிறன்" என்று அழுவாள் போல நின்றாள்.

"தெரியாட்டி இப்ப தெரிஞ்சு கொள்ளு மகள்" என்றாள் றீற்றா. "உன்ன நிப்பாட்டினவன் எங்க? அவனுக்குப் போன் எடு. வரச் சொல்லு."

அவன் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வான் ஒன்று வந்து மேசையையும் குடையையும் ஏற்றியது. வீதியின் அடுத்த முனையில் கொண்டுபோய் இறக்கியது. நிலோஜனை நிழலில் ஒரு கச்சான்காரியின் பக்கத்தில் இருத்திவிட்டு, இரண்டு பெண்களும் அந்த முனைக்கு நடந்தார்கள். போகும் வழியில் கேதீஸ்வரி இன்னும் நான்கு தேசிக்காய் வாங்கினாள்.